கையில் இருப்பது என்ன?

தென்சூடானில் வெள்ளை நைல் ஆற்றை ஒட்டிய புல்வெளிகளில் மாடு வளர்த்து வாழும் டிங்கா மக்களின் மரத்தடிகள் சில, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துப் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் போர்த்தடிகள் என்று பெயரெழுதி வைத்திருக்கிறார்கள். 1884 இல் நிறுவப்பட்ட அந்நிலையம் பொருள்களை நாடு நாடாகப் பிரிக்காமல் வகை வகையாக அடுக்குவது. தடியோடு தடி, ஈட்டியோடு ஈட்டி. அதற்குத் தம் சேகரிப்பை வழங்கிய பிட் ரிவர்ஸ் ஒரு படைத்தளபதி. எளிய ஆயுதத்திலிருந்து நுட்பமான ஆயுதம் படிப்படியாக வளர்ந்த வரலாற்றைக் காட்டுவது அவர் விருப்பம். அந்த ஏணியின் அடிப்படியில் எந்த நிறத்தவர் நிற்பர், உச்சியில் எந்த நிறத்தவர் நிற்பர் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

எங்கோ ஆப்பிரிக்காவின் கதைதானே என்று நாம் கடந்து போவதற்கில்லை. அதே ஏணியில் நம் நாட்டுத் தடிக்கும் ஓர் இடம் தரப்பட்டது. அதுதான் வளரி. வளைதடி என்றும் அதற்குப் பெயருண்டு. பிறைபோல் வளைந்து, ஒரு முனை கனத்து, மறுமுனை மெலிந்திருக்கும். மெலிந்த முனையைப் பற்றிச் சுழற்றி எறிவார்கள். தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு மூன்று வளரிகள் வந்தன. இரண்டு தந்தத்தால் ஆனவை, ஒன்று மரத்தால் ஆனது. புதுக்கோட்டை மன்னரின் ஆயுதசாலையிலும் வளரிகள் எப்போதும் இருப்பு வைக்கப்பட்டிருந்தன. இவற்றைக் குறித்துவைத்த எட்கர் தர்ஸ்டன் என்பாரின் 1909 ஆம் ஆண்டு நூல் வேறொரு செய்தியையும் சொல்கிறது. மறவரும் கள்ளரும் மான் வேட்டைக்கு இதனை எடுத்துச் சென்றார்கள். கள்ளர் இல்லத் திருமணங்களில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வளைதடியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். சம்பந்தி வீட்டுச் சீர்வரிசையில் ஓர் ஆயுதம்! கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிறகு அதில் மணவீட்டின் மணம் ஏது?

வளரி எறியக் கற்றுக்கொண்ட ஆங்கிலேயர் ஒருவரை நாஞ்சில் நாட்டார் வேறு வகையில் அறிவார்கள். அவர் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1795 ஆம் ஆண்டளவில் சிவகங்கைச் சீமையில் சின்ன மருதுவோடு பழகி, ஈட்டி வீசவும் வளரி எறியவும் அவரிடமே கற்றதாகத் தம் நினைவு நூலில் நன்றியோடு எழுதுகிறார். தேர்ந்த கை எறிந்தால் நூறு கசத் தொலைவுக்குள் குறி தப்பாது என்றும் வியக்கிறார். 1801 இல் அந்த ஆசானை வேட்டையாடிய படையில் மாணவரும் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24 இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்களிடமிருந்து ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. எட்டாண்டு கழித்து, 1809 பிப்ரவரி 10 இல், வேலுத்தம்பி தளவாயின் படை காத்து நின்ற ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையை மலைமேல் ஏறித் தாக்கிப் பிடித்தவரும் இதே வெல்ஷ்தான். நாஞ்சில் நாட்டின் வாசல் அன்று திறந்தது.

இங்கே நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. காட்டுமிராண்டித்தனத்தின் சான்று என்று ஏணியின் அடிப்படியில் வைக்கத்தக்கது எது? வளரியா, அதை எறியக் கற்றுக் கொடுத்தவரின் கழுத்தில் விழுந்த கயிறா? கயிற்றை எவரும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை.

தடிகள் குற்றமற்றவை என்று வாதாடுவது நம் நோக்கமன்று. டிங்காவின் தடி மண்டையைப் பிளந்திருக்கும். வளரி முழங்காலை முறித்திருக்கும். ஆனால் குற்றத்தை எங்கே தேடுவது என்பதில் நம் மார்க்கம் காட்டும் நெறி சிந்திக்கத்தக்கது. உலகின் முதற்கொலையைத் திருக்குர்ஆன் உரைக்கிறது. காபீல் தன் உடன்பிறந்தானை எதனால் கொன்றான், கல்லாலா, கட்டையாலா என்பதை அது சொல்லவில்லை. ஹாபீலின் வாயிலிருந்து வருவதெல்லாம் நீட்டப்படும் கையைப் பற்றிய பேச்சு. கொல்ல நீளும் கை உனக்கு இருக்கலாம், என் கை உன்னை நோக்கி நீளாது என்பதே அவன் பேச்சின் கருத்து. மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றிலும் அப்படியே. எகிப்தில் அவர்களால் ஒருவன் மாண்டான்; அங்கே தடியில்லை, வெறும் கைக்குத்துதான். அதற்காகவே அவர்கள் இறைவனிடம் பிழைபொறுக்க வேண்டினார்கள்.

பின்னர் துவா பள்ளத்தாக்கில் அல்லாஹ் அவர்களிடம் கேட்டது, வலக்கையில் இருப்பது என்ன என்று. அறியாமலா கேட்டான்? மூஸா நபி (அலை) சொன்ன மறுமொழியைப் பாருங்கள். அது என் கைத்தடி, அதன்மேல் சாய்ந்துகொள்வேன், என் ஆடுகளுக்கு இலை உதிர்ப்பேன், வேறு வேலைகளும் அதனால் உண்டு என்றார்கள். அடிப்பேன் என்ற சொல் அதில் இல்லை. பிடித்தவரையே கேட்டால் மறுமொழி இப்படித்தான் வரும். டிங்கா இடையனைக் கேட்டிருந்தால் தன் மாட்டின் பெயரிலிருந்து தொடங்கியிருப்பான். தம் மாடுகளின் பெயரையே தமக்கும் இட்டுக்கொள்ளும் மக்கள் அவர்கள். கள்ளர் குலப் பெரியவர் ஒருவரைக் கேட்டிருந்தால் பேரனின் நிக்காஹ், மன்னிக்க, பேரனின் திருமணத்திலிருந்து தொடங்கியிருப்பார். அருங்காட்சியகம் பொருளை எடுத்துக்கொண்டது, கையிடம் கேட்கவில்லை.

அப்படியானால் பீரங்கியும் குற்றமற்றதுதானே, குற்றம் சுடுபவனுடையதுதானே என்று ஒருவர் மடக்கலாம். தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. 1741 இல் குளச்சலில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாய், மார்த்தாண்ட வர்மரின் படைக்குப் பயிற்சியளித்து, 1777 இல் இறந்து, அக்கோட்டைக்குள்ளேயே அடங்கியிருக்கிறார். அந்த உலையில் பிறந்த பீரங்கியிடம் மூஸா நபியிடம் கேட்ட கேள்வியைக் கேட்டால் அது என்ன மறுமொழி சொல்லும்? சாய்ந்துகொள்ளவா, இலை உதிர்க்கவா? அதற்கு ஒரே வேலைதான். எத்தனைக்கெத்தனை ஒரு கருவி ஒரே வேலைக்கென்று செய்யப்படுகிறதோ, அத்தனைக்கத்தனை செய்தவனும் பொறுப்பில் பங்கேற்கிறான் என்றே நாம் கருதுகிறோம். அந்த அளவுகோலால் பார்த்தால் பிட் ரிவர்ஸ் அடுக்கிய ஏணி தலைகீழாகிறது. இன்று தென்சூடானில் மாட்டுக் கொள்ளைக்குத் துப்பாக்கி வந்துவிட்டது. தடியால் அடித்துக்கொண்ட காலத்தில் ஊரே மாண்டதில்லை.

ஆயுதத்துக்கு வேறொரு முடிவும் உண்டு. அது வெள்ளிதோறும் நம் கண்முன் நிகழ்வது. வாளையோ வில்லையோ தடியையோ ஊன்றி நின்று குத்பா ஓதுவது சுன்னத்தென்று ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் கூறும். தமிழகத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் மோதினார் எடுத்துக் கொடுக்க, கத்தீப் மிம்பர்மேல் ஊன்றி நிற்கும் அஸா அதுதான். சில ஊர்களில் அது மரத்தால் செய்த வாளாகவே இருக்கும். அதன் கூர்மையைச் சோதித்துப் பார்க்க எவருக்கும் தோன்றியதில்லை. பெட்டிக்குள் பூட்டாமலே அது அமைதியடைந்துவிட்டது. கை மாறவில்லை, கையின் வேலை மாறியது.

விடுமுறையில் பிள்ளைகளைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் நம்மிடையே பலர். வளரியைக் கண்டதும் இது எத்தனை பேரைக் கொன்றிருக்கும் என்றுதான் பிள்ளை முதலில் கேட்கும். அதற்கு மறுமொழி சொல்லுமுன் அந்த மணவீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். பிறகு சின்ன மருதுவின் பெயரையும், அவரிடம் கற்றவரின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.