வழித்துணை

வேங்கட மலை தமிழர்க்குப் புதியதன்று. தமிழ் வழங்கிய நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டுவது அம் மலையைத்தான். பிற்காலத்தில் ஆட்சி எல்லைகள் பலமுறை மாறின. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாக அமைந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கற்கள் இடம் பெயர்ந்தாலும் மலை இடம் பெயரவில்லை. கடல் கடந்து வாழும் நம்முள் பலர், தாயகம் செல்லும்போதெல்லாம் அம் மலையின் மேல் ஏறி இறங்குகிறோம். ஆனால் மலையைப் பார்க்கிறோமா?

கோபுரத்தைப் பார்க்கும் கண், அதனைச் சூழ்ந்த காட்டைப் பார்ப்பதில்லை. 1989இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற அக் காட்டில் சிறுத்தை உண்டு, கரடி உண்டு, புள்ளிமானும் தேவாங்கும் உண்டு. உலகில் வேறெங்கும் இயற்கையாக மிகுதியாய் வளராத செம்மரம் அங்கே வளர்கிறது. பாறை இடுக்குகளில் பொன்னிறப் பல்லி வாழ்கிறது. 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் என அப் பகுதி பெயர் பெற்றது. மலையடிவாரத்தில் 1987இல் தொடங்கப்பெற்ற விலங்கியல் பூங்கா ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அங்கே வண்டியில் அமர்ந்து, திறந்த வெளியில் உலவும் சிங்கங்களைக் காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு அவ் வண்டியில் ஏறினோம். அன்று நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று, ஒரு பெரிய வினாவை எங்கள் உள்ளத்தில் விதைத்துவிட்டது. காட்டு விலங்கைக் கண்ட இன்பம் எதனால் நிலைக்கிறது? வழியில் கண்டவரோடு கொண்ட நட்பு எதனால் நிலைக்கிறது? இவை இரண்டு வினாக்களா, ஒரே வினாவா? அதனையே இம் மலரில் அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

வண்டியில் ஏறத்தாழ இருபது பேர் இருந்தோம். தெலுங்கு பேசுவோர், தமிழ் பேசுவோர், இரண்டும் கலந்து பேசும் சித்தூர்ப் பக்கத்தார் என எல்லாரும் இருந்தனர். மர நிழலில் ஓர் ஆண் சிங்கம் படுத்து உறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பல்லாயிரம் கல் கடந்து வந்தவர்கள் அல்லவா? உறங்கும் சிங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா என்று தோன்றிற்று. பிள்ளைகள் கை தட்டினர். நாங்கள் அவர்களைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் தட்டினோம். படக்கருவியும் கையுமாக நின்று, அது தலை தூக்கும் நொடிக்காகக் காத்திருந்தோம்.

பின் இருக்கையிலிருந்து ஒரு முதியவர் மெல்லச் சொன்னார்: “வேண்டாம் பாபு. தூங்கட்டும்.”

கை ஓசை நின்றது. சிங்கம் எழவில்லை. வண்டி நகர்ந்தது. எங்களுக்குச் சிறிது சினம்கூட வந்தது. விலங்குகளிடம் அன்பு கொள்ளுதல், அவற்றால் இழப்பு ஏதும் இல்லாதவர்க்கு எளிது என்று எண்ணிக்கொண்டோம். அவ்வாறு எண்ணியது எத்துணைப் பெரிய பிழை என்பது, வண்டியை விட்டு இறங்கி, வேப்ப மர நிழலில் அவர் குடும்பத்தாரோடு புளிச்சோற்றைப் பகிர்ந்து உண்டபோதுதான் விளங்கிற்று.

அவர் பலமநேர்ப் பக்கத்து உழவர். அப் பகுதியின் வரலாற்றை அறிந்தால்தான் அவர் சொல்லின் பொருள் புலப்படும். குப்பம், பலமநேர்ப் பகுதிக் காடுகளில் நெடுங்காலம் யானையே இல்லை. 1980களில் தமிழகத்துக் காடுகளிலிருந்தும் கருநாடகக் காடுகளிலிருந்தும் யானைக் கூட்டங்கள் அங்கே வந்து சேர்ந்தன. அவற்றைக் காக்கவே 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அமைக்கப்பெற்றது. பாலாற்றின் கிளைகளாகிய கௌண்டின்யாவும் கைகலும் அக் காட்டின் வழியே ஓடுகின்றன. காட்டின் ஓரத்தில் கரும்பும் நெல்லும் வாழையும் மாவும் விளைகின்றன. யானைக்குக் காடு எது, கழனி எது என்று யார் சொல்லித் தந்தார்? இரவில் அவை வயலுக்குள் இறங்குகின்றன. பயிர் அழிகிறது. மனிதரும் மாய்கின்றனர், மின்வேலியில் சிக்கி யானைகளும் மாய்கின்றன.

அம் முதியவர் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் கரும்பை யானைகளிடம் இழந்தவர். வெடி வெடித்தும் தீப்பந்தம் பிடித்தும் எத்தனையோ இரவுகள் உறங்காது காவல் இருந்தவர். எங்கள் மகன் தயங்கியவாறு அவரிடம் கேட்டான்: “தாத்தா, உங்களுக்கு யானை மேல் கோபம் இல்லையா?”

“ஏன் இல்லை? நிறைய இருக்கிறது” என்றார் அவர். சற்றுப் பொறுத்து, “ஆனால் பாபு, யானை என் கரும்பைத் தின்றது பசியால். அந்தச் சிங்கத்தை எழுப்பப் பார்த்தோமே, நமக்கு என்ன பசி?” என்றார்.

எங்களிடம் விடை இல்லை.

இந்த வினாவைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். விலங்கைக் காணச் செல்பவர்க்கு மூவகை இன்பம் கிட்டுவதாகத் தோன்றுகிறது. முதலாவது, கண்ணின் இன்பம். அது கண்ட அளவில் தீர்ந்துபோகும். மேலும் பெரிதாக, மேலும் அருகில் என்று கேட்கும். கை தட்டி எழுப்பச் சொல்வது அந்த இன்பம்தான். இரண்டாவது, நினைவின் இன்பம். ஒளிப்படத்தைச் சுவரில் மாட்டி, வந்தவர்க்கெல்லாம் காட்டி மகிழ்வது அது. அதிலும் ‘நாம் கண்டோம்’ என்ற உடைமை உணர்ச்சியே மிகுதி. மூன்றாவது இன்பம் வேறு வகையானது. நமக்காகப் படைக்கப்படாத ஓர் உயிர், நம்மைப் பொருட்படுத்தாமல், தன் போக்கில் வாழ்கிறது என்று அறிவதில் பிறக்கும் இன்பம் அது. அதற்கு விலங்கு எழுந்து நிற்க வேண்டுவதில்லை. உறங்கினாலும் போதும், காணாமலே போனாலும் போதும்.

நட்பும் இத்தகையதே அன்றோ? வழிப்பயணத்தில் அமையும் நட்பை நாம் பெரிதாக மதிப்பதில்லை. புகைவண்டியில் உணவைப் பகிர்ந்து, முகவரியை எழுதி வாங்கி, நிலையத்தில் இறங்கியதும் மறந்துவிடும் பழக்கம் அது என்பர். பெரும்பாலும் உண்மைதான். அந்த நட்பு இனிப்பதற்குக் காரணமே, அதற்காக நாம் எதையும் இழக்க வேண்டியிருப்பதில்லை என்பது. ஆயினும் பழகிய நாளின் நீளத்தைக் கொண்டு நட்பை அளக்கும் வழக்கம் தமிழ் மரபில் இல்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் காணாமலே நண்பராயினர். சோழன் வடக்கிருந்தபோது வந்து சேர்ந்தவர் அப் புலவர். காலம் கூட்டாத நட்பை உணர்வு கூட்டியது.

பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள் என்பதையும் இங்கு நினைக்கலாம். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட இன்னொருவனுக்குத் தான் சென்ற வழியைச் சொல்கிறான். இருவரும் முன்பின் அறியாதவர். ஆயினும் ‘நான் பெற்றேன், நீயும் பெறுக’ என்ற எண்ணம் அவர்களை நண்பராக்குகிறது. மலைபடுகடாம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மலைவழியின் அழகை மட்டுமா அது சொல்கிறது? பன்றிக்கு வைத்த பொறிகளையும், புனங் காப்போர் யானைகளை விரட்ட வீசும் கவண் கற்களையும் சொல்லி எச்சரிக்கிறது. உழவனுக்கும் விலங்குக்கும் உள்ள போர் அன்றே இருந்தது. அதை மறைக்காமல் சொல்பவனே வழித்துணை என்பதும் அன்றே தெரிந்திருந்தது.

வழித்துணை என்னும் சொல்லே காட்டு வழியின் அச்சத்தை அறிந்த சொல். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் நடந்து செல்வோர் கூட்டமாகச் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டனர், கைத்தடிகளும் வழங்கப்பட்டன. காடு காட்சிப்பொருள் அன்று என்பதை அத் துயரம் உணர்த்திற்று. பெற்ற குழந்தையை இழந்தவரிடம் சென்று காட்டின் இன்பத்தைப் பேச எவர்க்கு நாவெழும்? ஆகவே, விலங்கால் வரும் இன்பம் நமக்கும் துன்பம் பிறர்க்கும் என்று பிரிந்து கிடக்கும் வரையில், நம் இன்பம் முழுமையான இன்பம் ஆகாது. அது பிறர் செலவில் நாம் உண்ணும் விருந்து.

அப்படியானால் விலங்கைக் காணச் செல்வதே தவறா? அன்று. காணாதவர் காக்க மாட்டார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன், காட்டுக்குள் துப்பாக்கியோடு சென்றோர் பலர். இன்று படக்கருவியோடு செல்கிறோம். இது பெரிய முன்னேற்றமே. இன்னும் ஓர் அடி எஞ்சி நிற்கிறது. காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், காட்டின் ஓரத்தில் வாழ்பவரையும் பார்க்க வேண்டும். அவர் விளைவித்ததை வாங்கலாம். அவர் கதையைக் கேட்கலாம். அதை நம் பிள்ளைகட்குச் சொல்லலாம். இவை சிறியவையே. ஆயினும் இவை இல்லாமல் நாம் வெறும் பார்வையாளர்.

அம் முதியவரோடு எங்கள் தொடர்பு அறவில்லை. ஆண்டுதோறும் பொங்கலன்று தொலைபேசியில் பேசுகிறோம். எங்கள் பிள்ளைகள் முதலில் கேட்பது ஒன்றே: “தாத்தா, இந்த ஆண்டு யானை வந்ததா?” அவர் சிரித்துக்கொண்டு, வந்த ஆண்டில் வந்தது என்பார்; வராத ஆண்டில் வரவில்லை என்பார். 2025இல் கருநாடக அரசு கும்கி யானைகளை ஆந்திரத்துக்கு வழங்கிய செய்தியை நாளிதழில் படித்தவுடன், எங்கள் மகன்தான் முதலில் அவரை அழைத்தான். “பார்ப்போம் பாபு, இனியாவது இரவில் தூங்கினால் சரி” என்றாராம்.

அன்று எடுத்த ஒளிப்படத்தில் சிங்கத்தின் முதுகு மட்டுமே தெரிகிறது. வீட்டுக்கு வரும் நண்பர்கள், இதைப் போயா மாட்டிவைத்திருக்கிறீர்கள் என்று கேட்கின்றனர். உறங்கும் ஓர் உயிரை உறங்க விட்ட நாள் அது என்று சொல்கிறோம். உறக்கம் இழந்த ஒருவரே அதை எங்களுக்குக் கற்பித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.