வந்து மீண்டவர்

சென்ற மார்கழித் திருவாதிரைக்குத் தில்லை சென்றிருந்த யாம், சிவகங்கைத் தீர்த்தத்தின் அருகே மேனாட்டார் ஒருவர் கண்மூடி அமர்ந்திருக்கக் கண்டோம். உடன்வந்த அன்பர், "இரண்டு திங்கள் இருந்து ஊர் திரும்பிவிடுவார், இதுவும் ஒரு நாட்டமோ?" என்றார். அவ்வினா, பல்லாண்டு முன்னர் யாம் செய்த பிழையொன்றை நினைப்பித்தது.

கடலூரில் ஓர் அவையில் தீக்கையைப்பற்றிப் பேசுங்கால், பீட்டில்ஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவினரை எடுத்துக்காட்டி நகையாடினோம். 1967-இல் மகேச யோகியாரைக் கண்ட அவர்கள், 1968 பிப்ரவரியில் இருடிகேசத்து அவர் ஆசிரமம் புக்குத் தியானம் பயின்றனர். ரிங்கோ ஸ்டார் உணவு முதலியன ஒவ்வாமையால் ஏறத்தாழப் பத்து நாளில் திரும்பினார். பால் மெக்கார்ட்னி ஒரு திங்கள் கடந்து போயினார். ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் ஏப்ரலில் ஆசிரியர்பால் ஐயுற்று நீங்கினர். லெனன் அவரைப் பெயர் மறைத்து இகழ்ந்து பாட்டொன்றுங் கட்டினார். "சந்தைக்குப் போய் மீள்வார்போலத் தவத்துக்குப் போய் மீண்டனர்" என்றோம். அவை நகைத்தது, யாமும் மகிழ்ந்தோம்.

பின்னர் மாணாக்கர் ஒருவர் தனியே அணுகி, "ஐயா, புக்க நெறியை விட்டு நீங்குதலே குற்றமாயின், அப்பர் பெருமானுக்கு என் சொல்வது?" என்றார். திருவாமூர் மருணீக்கியார் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனராய் விளங்கியதும், சூலை வருத்தத் தமக்கையாரை அடைந்து திருவதிகையில் ஆட்கொள்ளப்பெற்றதும், பின்னர்க் கல்லே புணையாகத் திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறியதும் அறியாதார் யார்? அத்தலத்தை நாளும் வழிபடும் யாம் விடை கூறாது நின்றோம்.

இரண்டும் ஒன்றென்று யாம் கூறவில்லை. பெருமான் நீங்கியது அருள் ஈர்த்தமையால். இவர் நீங்கியது மனக்கசப்பினால். அன்றியும், சரியை கிரியைகளின்றி, காலை மாலை இருபது நிமிடம் மந்திரம் உன்னும் அளவில் நிற்கும் பயிற்சி மன அமைதி தருமேயன்றி வீடு தாராது என்பதே இன்றும் எம் துணிபு. ஆயினும் யாம் நகைத்தது பயிற்சியின் குறையை அன்று, பயின்றாரை. சத்திநிபாதம் மந்ததரம் முதலாக நால்வகைப்படும் என்று பாடஞ் சொல்லும் ஒருவன், பிறர் உள்ளத்து அருள் எவ்வளவிற் பதிந்ததென நாட்கணக்கால் அளந்தது என்னை?

அக்கணக்கும் பொய்த்தது. ஹாரிசன் இருடிகேசத்தை விட்டாரேனும் நாட்டத்தை விட்டாரல்லர். கண்ணன் அடியாருக்கு 1973-இல் இலண்டனை அடுத்த மாளிகையொன்றை வழங்கினார். 2001-இல் உயிர் நீங்குங்காறும் அவ்வன்பு குன்றவில்லை. நம் நெறியன்று எனினும், நிலைநின்றமை நிலைநின்றமையே. பத்து நாளில் ஓடினாரென யாம் மிக இகழ்ந்த ரிங்கோவோ, 2009-இல் நியூயார்க்கில், சிறார்க்குத் தியானம் கற்பிக்கும் பொருட்டு நிகழ்ந்த இசையரங்கில் மெக்கார்ட்னியோடு பாடினார். விட்ட நாற்பதாண்டின்பின்னும் வித்து அழியவில்லை போலும்! யாமோ, மடத்தில் பாடங்கேட்டுத் தீக்கையும் பெற்றும், அனுட்டானத்தை விரைந்து முடித்து அவையேறிய நாட்கள் பலவுடையேம்.

தில்லையில் அன்பருக்கு இத்துணையும் கூற நேரமில்லை. மணியொலி கேட்டு உள்ளே சென்றோம். அம்மாணாக்கர் இன்று எவ்விடத்துளரோ அறியோம். இவ்விதழ் அவர் கண்ணிற் படுமாயின், அன்று கூறாது விட்ட விடையாக இதனைக் கொள்வாராக.