ஒரு வாய் கொடுடா



காலேஜ்ல மதியம் நாங்க எல்லாரும் வட்டமா உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒருத்தன் மட்டும் கடைசி பெஞ்சுல, டப்பா மூடியை மறைப்பா வெச்சுட்டு தனியா சாப்பிடுவான். அவங்க அம்மாவுக்கு திருப்பூர் பனியன் கம்பெனில செக்கிங் வேலை. ஓவர்டைம் இருந்தா அடுத்த நாள் முந்தின நாள் சோறு, மோர், ஊறுகாய்தான். இது எனக்கு பின்னாடிதான் தெரிஞ்சது.

"வாடா, என்னோடதுல எடுத்துக்கோ"ன்னு பல தடவை கூப்பிட்டேன். வரல. திமிர்னு நினைச்சேன்.

தனியா சாப்பிடறது தப்பாங்க? இல்லை. சிலருக்கு அதுதான் நிம்மதி. ஆனா கூச்சத்தால ஒதுங்கினா, அது விருப்பம் இல்ல.

கந்தரலங்காரத்துல அருணகிரிநாதர், வேலவனை வாழ்த்தி, குருணையில் ஒரு துணுக்கு அளவாவது ஏழைகளோட பகிரச் சொல்றார். அளவு அவ்வளவு சின்னதுன்னா, கொடுக்க முடியாத ஏழைன்னு யாருமே இல்லையே! நான் அவனை வாங்கறவனா மட்டுமே பார்த்திருக்கேன்.

பழனி கோயில்ல 2012-லிருந்து நாள் முழுக்க அன்னதானம். அந்தப் பந்தியில முதலாளியும் டெய்லரும் பக்கத்துல பக்கத்துல உட்காரலாம். எல்லாருமே முருகன்கிட்ட வாங்கறவங்க. அதனால கூச்சமே இல்ல.

கடைசி செமஸ்டர்ல ஒருநாள் அவன் பெஞ்சுக்கே போய், "ஒரு வாய் கொடுடா"ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் பார்த்தான். நகர்ந்து இடம் விட்டான்.

உங்க கிளாஸ்லயும் அப்படி ஒருத்தர் இருக்கலாம். கொடுக்கப் போகாதீங்க. கேட்டுப் போங்க.

வேலும் மயிலும் துணை 🙏