திருப்பணியும் பழங்கல்லும்

கொங்கேழ் தலங்களுள் ஒன்றாகிய திருப்புக்கொளியூர் அவிநாசியில் 2024 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2 ஆம் நாள் திருக்குடமுழுக்கு நிகழ்ந்தது. இத்தகைய திருப்பணிகள் நிகழுங்கால் அன்பரிடையே ஒரு வினா எழுதல் வழக்கம். ஆகமங்கள் சீரணோத்தாரணத்தை விதித்திருப்பவும், பழங்கல்லைப் பிரிக்கலாகாதெனச் சிலர் தடுப்பது எற்றுக்கு? பாலாலயஞ் செய்து இறைகலையைக் குடத்தில் எழுந்தருளுவித்த பின்னர் நிற்பது வெறுங்கல்லேயன்றோ என்பர்.

இக்கூற்று நுணுகி நோக்கத்தக்கது. சீரணம் என்பது சிதைந்தது. உத்தாரணம் என்பது மேலெடுத்து நிறுத்தல். சிதைந்ததை நிறுத்துதற்கே ஆகமம் ஆணை தந்ததன்றிச் சிதையாததைச் சிதைத்தற்கு அன்று. பாலாலயம் மருத்துவன் கைக்கு அளிக்கும் இசைவு போல்வது. நோயற்ற உறுப்பை அரிதற்கு அவ்விசைவு செல்லாது. அப்பரடிகள் திருக்கரத்து உழவாரமும் புல்லைச் செதுக்கியதே யன்றிக் கல்லைப் பெயர்த்ததன்று.

சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தோடு ஆலயத்தையும் அரனெனவே தொழப் பணிக்கின்றது. எங்கும் பாலில் நெய்போல் மறைந்து நிற்கும் முதல்வன் இவ்விடங்களில் தயிரில் நெய்போல் விளங்குவன் என்பது உரைமரபு. முதுமை எய்திய அடியாரின் திருவேடத்தை இளமையதாக மாற்றிய பின்னரே தொழுவேம் என்பார் எவருமிலர். ஆலயத்தின் முதுமைக்கு மட்டும் நாணுவது என்னை?

மற்றொன்றும் உண்டு. கல்வெட்டு, கொடுத்தோன் வருவோரிடம் வைத்த அடைக்கலம். இவ்வறங் காப்பான் அடி தன் முடிமேல் ஆகுக என வேண்டிப் பொறித்துச் சென்றானது எழுத்தை, மணலை வீசித் தேய்ப்பதும் நிறமையால் மூடுவதும் அறம் ஆகுமா? செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவைக் கற்றளியாக்கியபோது பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச்சுவரிற் பொறிப்பித்தனர். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் பெரும்பொருள் சொரிந்து செய்த திருப்பணிகளுள் சிலவற்றிலோ பழஞ்சுவர்களோடு எழுத்துகளும் போயின. அவர்தம் அன்பிற்கு யாம் தலைவணங்குவோம், இழப்பு இழப்பே. சுண்ணாம்புச் சாந்திருந்த இடத்துச் சிமெந்தைப் பூசி ஈரத்தை உள்ளே சிறைப்படுத்துவதும் இவ்வகையினதே.

பிறநாட்டாரும் இதனைக் கருதாமலில்லை. 1964 இல் வெனிசு நகரிற் கூடிய வல்லுநர், ஊகம் தொடங்குமிடத்துப் புதுக்குநர் கைந்நிற்றல் வேண்டும் என வரையறுத்தனர். சென்னை உயர்நீதி மன்றமும் 2021 சூன் 7 ஆம் நாள் கோயில்களையும் தொல்பொருள்களையும் காத்தற்பொருட்டு 75 கட்டளைகள் பிறப்பித்தது.

கோவைக்கும் திருப்பூருக்கும் அணித்தாய் ஊர் பெருகக் கூட்டமும் பெருகுகின்றது. முதியோர்க்குச் சாய்தளமும் மழைநீர்க் கால்வாயும் விளக்கும் வேண்டாவென யாம் கூறவில்லை. கல்லிற் துளையிடாது அவற்றை அமைக்கலாம்.

இத்தலத்து அற்புதத்தையே நினைக. முதலை உண்ட மகனைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் மீட்டருளியபோது பெற்றோர்க்கு வேறோர் மகவு வந்திலது. அம்மகனே, கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடும் வந்தான் எனச் சேக்கிழார் பெருமான் காட்டினர். மீட்பென்பது அதுவே.

பன்னிரண்டு ஆண்டு வழக்கின்படி அடுத்த திருப்பணி 2036 அளவில் வரும். அதற்குள் ஒவ்வொரு கல்வெட்டிற்கும் மைப்படியெடுத்து, சுவர்களின் நிழற்படங்களோடு திருமடங்களிலும் வைத்தல் வேண்டும். பாலாலயத்திற்கு நாள் குறிக்குமுன், எக்கல் சிதைந்தது எக்கல் நின்றது எனத் தச்சரும் கல்வெட்டறிஞரும் ஒருங்கிருந்து எழுதிய பட்டியலை அடியார் காணக் கோயில் வாயிலில் ஒட்டுக.