அரபு நாட்டு அபாயாவும் உம்மாவின் துப்பட்டியும்





விடுமுறையில் ஊர் வந்த ஒரு சபுராளித் தம்பி என்னிடம் ஒரு விஷயம் கேட்டார். அவர் அனுமதியோடுதான் இங்கே சொல்கிறேன். பல வருடங்களாக சவூதியில் வேலை செய்பவர். மனைவிக்கும் உம்மாவுக்கும் கறுப்பு அபாயா வாங்கி வந்திருக்கிறார். மனைவி அணிந்துகொண்டார். உம்மாவோ, "நாற்பது வருஷமா இந்த வெள்ளைத் துப்பட்டிதான் வாப்பா, எனக்கு இதுவே போதும்" என்றிருக்கிறார். இவருக்குக் கோபம். "அரபு நாட்டுப் பெண்களைப் பார்த்துட்டு வந்தவன் நான். நீங்க போடுறது ஹிஜாபே இல்லை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தாய் கல்யாண வீட்டுக்கும் போவதில்லை, மவுத்து வீட்டுக்கும் போவதில்லை. "ஹஜ்ரத், நான் சொன்னது சரிதானே?" என்கிறார்.

நான் கேட்டேன்: "தம்பி, நீங்கள் எந்த அரபு நாட்டைச் சொல்கிறீர்கள்?"

ரியாத் கடைவீதியில் கறுப்பு அபாயாவும் நிகாபும் பார்த்திருப்பீர்கள். துபாயில் அபாயாவோடு தலைக்கு ஷைலா அணிந்து, முகம் திறந்திருக்கும் பெண்கள் பலர். ஓமனின் ஸலாலா பக்கம் போனால், முன்புறம் குட்டையாகவும் பின்புறம் தரையில் இழுபடும்படியும் தைத்த வண்ண ஆடை. ஏமனின் சன்ஆவில் பூப்போட்ட பெரிய சிதாரா போர்வை. சூடான் பெண்கள் நம் சேலையைப் போலவே சுற்றிக்கொள்ளும் தோப். இவர்கள் எல்லோரும் அரபு பேசும் முஸ்லிம் பெண்கள்தானே? 2019-இல் சுற்றுலா விசா தொடங்கியபோது, வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயமில்லை, கண்ணியமான ஆடை போதும் என்று சவூதி அரசே அறிவித்தது.

சகோதரர்களே! நாட்டின் சட்டம் மாறும், ஊர் வழக்கம் மாறும். மார்க்கத்தின் அளவுகோல் மாறாது. மறைக்க வேண்டியதை மறைக்க வேண்டும், உடலோடு ஒட்டக்கூடாது, உள்ளே தெரியும்படி மெல்லியதாக இருக்கக்கூடாது. இந்த நிறம்தான், இந்தத் தையல்தான் என்று மார்க்கம் சொல்லவில்லை. முகத்தை மறைப்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இறுக்கமாகத் தைத்து, கல் பதித்து மினுக்கும் அபாயாவைவிட, தலை முதல் கால் வரை மூடும் அந்தத் தாயின் துப்பட்டி இந்த அளவுகோலுக்கு நெருக்கமானது.

இன்னொன்றையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். சூரா நூரில் 30-ஆம் வசனம் ஆண்களின் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. பெண்களுக்கான கட்டளை அடுத்த வசனத்தில்தான் வருகிறது. ஹஜ்ஜத்துல் வதாவில் நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்திருந்த இளைஞர் ஃபழ்ல் (ரலி), கேள்வி கேட்க வந்த ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நபியவர்கள் அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ளவில்லை. ஃபழ்லின் முகத்தைத்தான் திருப்பிவிட்டார்கள். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது.

"அரபு நாட்டுப் பெண்களைப் பார்த்துவிட்டு வந்தவன்" என்று பெருமையாகச் சொல்கிறோமே, மறுமையில் முதல் கேள்வி அந்தப் பார்வையைப் பற்றியதாக இருந்தால் என்ன பதில் சொல்வோம்?

தம்பி தலைகுனிந்தார். "போய் உம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவர்களைக் கல்யாண வீட்டுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்" என்றேன். நம் வீட்டில் இப்படி மனம் நொந்த தாயோ மனைவியோ இருந்தால், இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் நாமும் அதையே செய்வோம்.

வல்ல ரஹ்மான் நம் பெண்களின் கண்ணியத்தையும் நம் பார்வைகளையும் நாவுகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.