நன்றி நாளும் நம் திருநாளும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ ஸேவைக்காக எழுந்தருளியிருக்கும் பாகவதர்களில் பலருடைய புத்திர பௌத்திரர்கள் இன்று அமெரிக்க தேசத்தில் வாசம் செய்கிறார்கள். 1965ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்ட பின்பு நம்மவர் அங்கே பெருகினர். 1976ஆம் ஆண்டிலேயே பிட்ஸ்பர்க் நகரை அடுத்த குன்றொன்றின்மேல் திருவேங்கடமுடையான் கோயில் கொண்டருளினான். அடியார் சென்ற இடத்திற்கு அவனும் எழுந்தருளுகிறான் அன்றோ!

ஆயினும் பெரியோர் உள்ளத்தில் ஒரு கலக்கம் உண்டு. ஸ்ரீஜயந்தியும் தீபாவளியும் கொண்டாடும் திருமாளிகையில் அந்நாட்டாருடைய பண்டிகைகளையும் கொண்டாடலாமோ? அநந்ய பக்திக்கு அதனால் குறை வாராதோ?

முதலில் ‘தாங்க்ஸ்கிவிங்’ எனப்படும் நன்றி நாளை எடுத்துக்கொள்வோம். 1863ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆபிரகாம் லிங்கன் இந்நாளைத் தேசம் முழுமைக்கும் பிரகடனம் செய்தார். 1941ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை என்று அது நிலைபெற்றது. தூரதேசத்திலுள்ள பிள்ளைகளும் அன்று பெற்றோரை நாடி வந்து, உண்ட அன்னத்துக்கு நன்றி கூறுகிறார்கள்.

இதற்கு நம் க்ரந்தங்களில் இடமில்லையா? ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தைப் பாருங்கள். ஆயர்கள் இந்திரனுக்கு விழா எடுக்க முற்பட்டபோது, சிறுபிள்ளையான கண்ணன் தகப்பனாரை நோக்கி, இது எதற்காக என்று கேட்டான். நந்தகோபர் அக்கேள்வியைத் தள்ளிவிடவில்லை. பசுக்களுக்குப் புல்லும் நீரும் தரும் கோவர்த்தனத்திற்கன்றோ நாம் நன்றி செலுத்த வேண்டும் என்றான் கண்ணன். தம்மைப் போஷிக்கும் மண்ணை மறவாதிருத்தல் எம்பெருமானே காட்டிக்கொடுத்த தர்மம். அந்த மலையாய் நின்று அன்னத்தை அமுது செய்தவனும் அவனே. ஆகவே, சோறிட்ட தேசத்திற்கு நன்றி கூறும் நாள் நமக்கு அந்நியமன்று. அந்நாட்டார் சமைக்கும் வான்கோழி நமக்கு ஆகாது. பரங்கிக்காயும் மக்காச்சோளமும் ஆகும். அவற்றைத் தளிகை செய்து பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணினால், அயலாருடைய விருந்து நமக்குப் பிரஸாதமாகிறது.

கிறிஸ்துமஸ் வேறு வகை. அது கிறிஸ்தவர்களுடைய வழிபாட்டு நாள். அண்டை வீட்டாரை வாழ்த்துவதும், குழந்தைகள் ஒருவர்க்கொருவர் பரிசளிப்பதும் ஸ்நேக தர்மம். அதற்காக நம் திருவாராதனம் மாற வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டைக் கடிந்துரையாமல் கனிவுடன் சொன்னால் குழந்தைகள் எளிதில் அறிந்துகொள்வார்கள். மேலும், அந்நாட்கள் மார்கழிக்குள்ளேயே வருகின்றன. ஆங்கிலப் புத்தாண்டு பெரும்பாலும் மார்கழி பதினாறு அல்லது பதினேழில் வரும். திருப்பாவையில் அவ்விரு நாட்களில் ஆண்டாள் நந்தகோபர் வாசலில் நின்று காவலனை வேண்டி, உள்ளே புகுந்து, நந்தகோபர், யசோதை, கண்ணன், பலதேவன் என்று ஒரு குடும்பத்தையே துயிலெழுப்புகிறாள். பள்ளி விடுமுறையில் உறங்கும் பேரக்குழந்தைகளை எழுப்பி அப்பாசுரங்களைச் சொல்லுவிக்க இதனினும் நல்ல தருணம் உண்டோ?

அஞ்சத்தக்கது வேறொன்று. அந்நாட்டுப் பண்டிகையை நாள் தவறாமல் கொண்டாடிவிட்டு, நம் திருநாளை மட்டும் சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கும் வழக்கமே அது. ஒத்திவைக்கப்படுவது சிறியது என்று குழந்தை தானே தீர்மானித்துவிடும். உற்றார் கூடும் விருந்து சனிக்கிழமையே நடக்கட்டும். உரிய நாளில் ஒரு விளக்கு, ஒரு துளசித்தளம், ஒரு பாசுரம் தவறலாகாது. அலுவலகம் செல்லுமுன் இதற்குக் கால் நாழிகை போதும். 2024ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் பொதுப்பள்ளிகளே தீபாவளிக்கு விடுமுறை அளித்தன. ஊரார் மதிக்கும் நாளை அகத்தார் தள்ளிவைப்பது தகுமோ?

பாகவதர்களே! பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும்போது, ‘அங்கே என்னென்ன கொண்டாடுகிறீர்கள்?’ என்று குற்றம் காணும் குரலில் கேட்க வேண்டா. ‘பெருமாளுக்கு என்ன அமுது செய்வித்தீர்கள்?’ என்று கேளுங்கள். ஒருவர் செய்த சிறு உபகாரத்தையும் மறவாதவன் சக்கரவர்த்தித் திருமகன். அக்குணம் இரு தேசத்துத் திருநாட்களிலும் நம் சந்ததியிடம் விளங்க அவன் திருவுள்ளம் பற்றுவானாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.