யாருக்காக வாசிப்பது?

பிள்ளைகளிடம் வாசிப்புப் பழக்கம் நிலைபெறவில்லை என்னும் குறை நம் ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. அதற்கு மருந்தாகப் பரிசையும் பதிவேட்டையும் முன்வைக்கிறோம். பரிசு காட்டிப் படிக்க வைப்பது அறமாகுமா என்னும் வினாவை மட்டும் எழுப்புவதில்லை.

நம் நாட்டுப் பள்ளிகளில் 1990களின் இறுதியில் தொடங்கப்பெற்ற 'நீலாம்' வாசிப்புத் திட்டம் நல்ல நோக்கமுடையது. மாணவர் தாம் படித்த நூலின் பெயரையும் அதன் சுருக்கத்தையும் பதிவு செய்கின்றனர். எண்ணிக்கைக்கேற்பப் பாராட்டுப் பெறுகின்றனர். நூலகத்தை எட்டிப் பாராத பிள்ளைகளை அது அலமாரிவரை அழைத்து வந்தது என்பதை மறுக்கவியலாது. ஆயினும் எண்ணிக்கையே குறிக்கோளாகும்போது, ஒரு பெரிய நூலை நேர்மையாகப் படித்த மாணவன், பத்து மெல்லிய நூல்களின் பின்னட்டைகளைப் படியெடுத்தவனுக்குப் பின்னால் நிற்க நேர்கிறது. முன்பு அத்தகைய பதிவேடு ஒன்றில், ஐயம் எழுந்த பின்னரும், நான் கையெழுத்திட்டிருக்கிறேன். பொய் எழுதியவன் சிறுவன். அதை மெய்யாக்கியவன் நான்.

ஈப்போவைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் 1970களில் எழுத்தறியாத முதியோர் பலர் இருந்தனர். எங்கள் லயத்து வீட்டிற்குத் 'தமிழ் நேசன்' பல கைகள் மாறி, இரண்டு நாள் பழையதாக வந்து சேரும். பால்மரம் சீவிவிட்டு வந்த பாட்டி, குளித்து, வெற்றிலையை மடித்தபடி வாசற்படியில் அமர்ந்து, "படிய்யா" என்பார். தொடர்கதையில் ஒரு பத்தியைத் தாவினால், "போன வாரம் அந்தப் பொண்ணு கப்பல்லல்ல இருந்துச்சு?" என்று மடக்குவார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தலைமையாசிரியரை ஏமாற்றுவது எளிது. அவரை ஏமாற்ற முடிந்ததில்லை.

அதற்கும் முன்னே, 1950களில், சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி நடத்திய 'தமிழ் முரசு' நாளிதழ் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கிற்று. பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்ட பலர் அதில் எழுதத் தொடங்கியவர்களே. தாம் எழுதுவதை எதிர்நோக்கும் ஒரு கூட்டம் இருந்ததனால், அவர்கள் படிக்கவும் செய்தனர்.

1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. இன்றைய பாட்டிமார் பள்ளி சென்றவர்கள். கைப்பேசியோ செய்தியை வாய்விட்டே சொல்லிவிடுகிறது. பேரனின் குரல் எவருக்கும் தேவைப்படவில்லை. எழுத்தறிவிக்கப் பாடுபட்ட நாமே, சிறுவனின் வாசிப்புக்கு இருந்த காரணத்தையும் அகற்றிவிட்டோம் போலும். அதற்காக எழுத்தறியாமை மீண்டும் வரவேண்டுமென்று ஏங்குவது பேதைமை. காத்திருக்கும் செவியை வேறிடத்தில் தேடித்தர வேண்டியுள்ளது.

குனோங் ராபாட்டில் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஓய்வு வேளையில் கதை படிக்கின்றனர். இதற்குப் பதிவேடு கிடையாது. (மேலதிகாரி கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.) முதற்சில வாரங்களில் பெரியவர்கள் நழுவினர்; சிறியவர்கள் ஒரு நூலைக் கிழித்தே விட்டனர். ஒரு நாள் கதை பாதியில் இருக்கும்போதே மணியடித்துவிட்டது. மறுநாட்காலை முதலாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி ஆறாம் ஆண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நரி கிணத்துலேருந்து வெளிய வந்துருச்சா?"

அவன் விழித்தான், மீதியை அவனே படித்திருக்கவில்லை. அவளோ வாசலைவிட்டு நகர்வதாக இல்லை.

அன்று ஓய்வு மணி அடித்ததும் சிற்றுண்டிச் சாலைக்குச் செல்லாமல் நூலகத்திற்கு வந்து, எஞ்சிய பக்கங்களை அவன் தனியே படித்துக்கொண்டிருந்தான். அந்நூலைப் பதிவு செய்துகொள்ள என்னிடம் வரவில்லை.